தண்ணீரில் நிற்கிறவள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் மல்லாக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. பள்ளிக்கூடக் காலத்தில், மல்லாந்து நீந்தும் போட்டியில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றிருந்தபோது ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் இது. வானத்தைப் பார்த்துப் படுத்தபடியே மற்றவர்களை முந்திக்கொண்டு போகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அப்போது அதில் ஒரு கெத்து இருந்தது. நாற்பதைத் தாண்டி, தோளில் துண்டும் காலில் ரப்பர் செருப்புமாக ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடக்கும்போது, "மல்லாக்கு அக்கா, கீழேயா?" என்று லிஃப்ட்காரர் கேட்டால் அந்தக் கெத்து எங்கே போனது என்றுதான் இருக்கும்.

அவள் வேலை நிலவறையில். வாசலில் 'நீர்ச் சிகிச்சை நிலையம்' என்று பித்தளை எழுத்தில் பலகை. உள்ளே வேலை பார்க்கிறவர்களுக்கு அது சுடுதண்ணித் தொட்டி. ஜன்னல் கிடையாது. அண்ணாந்தால் வெள்ளையடித்த குழாய்கள். இடுப்பெலும்பு மாற்றிக்கொண்டவர்கள், மாவுக்கட்டுப் பிரித்தவர்கள், வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவர்கள் எல்லோரையும் தண்ணீரில் இறக்கி, ஒரு கையைப் பிடரிக்குக் கொடுத்து, இன்னொன்றை இடுப்புக்குக் கொடுத்து, மிதக்கவிட்டுக் கை காலை அசைக்க வைப்பதுதான் வேலை. பயந்தவர்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். சிலர் நகத்தால் பிராண்டுவார்கள். ஒரு பெரிய மனிதர் அவள் காதைக் கடித்தே விட்டார், பிறகு பழக்கூடை அனுப்பினார்.

தண்ணீர் அவள் மார்பு வரைக்கும்தான். குளத்தின் நீளமோ, இரண்டு வீச்சு வீசினால் மண்டை சுவரில் இடிக்கும். ஆக, பள்ளிக்கூடச் சாதனைப் பலகையில் இன்றைக்கும் முதல் வரியில் இருக்கிற ஒரு நீச்சல்காரி, நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். நிற்பதற்குத்தான் சம்பளம்.

சம்பளம் கொடுப்பவள் டாக்டர். எலும்பு டாக்டர், ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரி, ஊரில் எந்தக் கமிட்டி போட்டாலும் அதில் ஒரு நாற்காலி அவளுக்கு உண்டு. மல்லாக்குவும் அவளும் ஒரே பெஞ்சு. பட்டாம்பூச்சி நீச்சலில் டாக்டர் கெட்டிக்காரி, அதனால் அந்தக் காலத்தில் அவள் பெயர் பட்டு. தவளை நீச்சலுக்கு ஒருத்தி இருந்தாள், பெயரைச் சொல்லவும் வேண்டுமா, தவளை. கடைசியாக நேர் நீச்சலில் பாய்கிறவள் குட்டி. ஆள் குட்டை, ஆனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் கண்ணில் படுவது நுரை மட்டும்தான். இந்த நாலு பேரும் சேர்ந்த தொடர் நீச்சல் அணியைப் பார்த்தால் மற்ற பள்ளிக்கூடங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். தவளை பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டிப் போய், ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு அதிகாரியாகி, பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கேக் படம் அனுப்புகிறவளாகிவிட்டாள். குட்டியைப் பற்றி மல்லாக்குவுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயம். ஏன் பயம் என்பதை டாக்டர் வாயாலேயே கேட்கலாம், ஏனென்றால் டாக்டர் அதை வாரத்துக்கு நாலு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவாள்.

புதிதாக ஒரு நோயாளி நிலவறைக்கு வந்தால் டாக்டரே கூட்டி வருவாள். குளத்து விளிம்பில் நின்றுகொண்டு ஆரம்பிப்பாள். நாடு முழுவதிலிருந்தும் பள்ளிக்கூடங்கள் வந்திருந்த போட்டி. மல்லாக்கு முதலில் நீந்தி முன்னிலை வாங்கித் தந்தாள், தவளை அதைக் காப்பாற்றினாள், டாக்டர் இன்னும் கொஞ்சம் சேர்த்தாள், குட்டி போய் முதலாவதாகச் சுவரைத் தொட்டாள். தங்கம் கைக்கு வந்தாயிற்று. அந்த நேரம் பார்த்து நம் மல்லாக்கு செய்த காரியம் என்ன? கரையில் நின்றவள் சந்தோஷம் தாங்காமல், குட்டியைக் கட்டிப்பிடிக்கத் தொபுக்கடீர் என்று தண்ணீரில் குதித்தாள். கோடித் தடத்தில் கடைசி அணிக்காரி இன்னும் நீந்திக்கொண்டிருந்தாள். எல்லா அணியும் முடிக்கும் முன்னால் கரையில் இருக்கிற ஒருத்தி தண்ணீரைத் தொட்டால் அவள் அணி காலி. அதுதான் விதி. நடுவர் கையைத் தூக்கினார். தங்கம் போச்சு. குட்டிக்கு வெளிநாட்டில் படிக்கக் கிடைக்கவிருந்த உதவித்தொகையும் அதோடு போச்சு.

நோயாளிகள் சிரிப்பார்கள். அய்யய்யோ என்பார்கள். அப்போது டாக்டர் மல்லாக்குவின் ஈரத் தோளைத் தட்டி, "அதுக்காக நான் இவளை விட்டுட்டேனா? இன்னிக்கும் என்கூடத்தான் இருக்கா" என்று முடிப்பாள். மல்லாக்குவுக்கும் அதில் ஒரு வசனம் உண்டு. "அந்த வயசு அப்படி" என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். அரைத்த மாவையே எத்தனை நாள் அரைத்தாலும் டாக்டருக்குக் கை வலிக்காது. சிரிப்பு வராத நாளிலும் மல்லாக்கு சிரித்து வைப்பாள். இந்த இடத்தில் எனக்கே டாக்டரின் வாயைப் பொத்தலாம் போலிருக்கும், ஆனால் டாக்டர் கெட்டவள் என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். கதையின் சிக்கலே அதுதான்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் நீச்சலும் முடிந்தது. சாதனைப் பலகையைக் காட்டி வேலை கேட்டால் யார் தருவார்கள்? விளையாட்டுச் சாமான் கடையில் கொஞ்ச காலம் நீச்சல் கண்ணாடி விற்றாள். வாங்க வருகிறவர்களுக்குப் பட்டையை எப்படி இறுக்குவது என்று காட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவர் அவளைப் பார்த்துப் பார்த்துச் சர்க்கரையை அள்ளிப் போட்டார். கல்யாணம் ஆயிற்று. ஒரு பெண் குழந்தை. பிறகு சாலையை அகலப்படுத்துகிறோம் என்று டீக்கடையை இடித்தார்கள், விளையாட்டுச் சாமான் கடைக்காரர் மகனிடம் ஊர் மாறிப் போனார். கையைப் பிசைந்துகொண்டு நின்ற நாட்களில்தான் யாரோ சொல்லி அவள் டாக்டரைப் பார்க்கப் போனாள்.

டாக்டர் அவளை வரவேற்பறையிலேயே கட்டிக்கொண்டாள். நாளைக்கே வேலைக்கு வா என்றாள். வீடு எங்கே என்று கேட்டு, வாடகை வீடு என்றதும், சலவைக் கட்டடத்துக்குப் பின்னால் ஊழியர் வீடு ஒன்று காலியாக இருப்பதாகச் சொன்னாள். புருஷன் என்ன செய்கிறார் என்று கேட்டு, சும்மா இருக்கிறார் என்றதும், கேன்டீனை அவரிடம் கொடுத்தாள். மகளுக்குக் கல்லூரியில் இடம் வாங்கித் தந்ததும் டாக்டர்தான். அந்தப் பெண் இன்றைக்கும் டாக்டர் அத்தை என்றால் உயிரை விடும். இப்படி வேலை, வீடு, புருஷன் பிழைப்பு, மகள் படிப்பு எல்லாம் ஒரே சாவிக்கொத்தில் சேர்ந்துவிட்டன. சாவிக்கொத்து டாக்டர் இடுப்பில் இருந்தது. அதை அவள் ஒரு தடவைகூட ஆட்டிக் காட்டியதில்லை. ஆட்டிக் காட்டியிருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம்.

மல்லாக்குவுக்கு அங்கே மூச்சு முட்டியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள், அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது வாசலில் இருக்கும் இயந்திரத்தில் விரலை வைத்துப் பதிய வேண்டும். நாளெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போன விரலை அது ஒப்புக்கொள்ளாது. மறுபடி வை என்று சிவப்பு விளக்குப் போடும். விரல் காய்ந்து ரேகை திரும்புகிற வரைக்கும், இயந்திரத்தின் கணக்குப்படி அவள் ஆஸ்பத்திரிக்குள்ளேதான் இருந்தாள். காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து, விரலை ஊதிக்கொண்டு, தெருவில் போகிற ஜனங்களைப் பார்ப்பாள். வீடும் அதே காம்பவுண்டுக்குள் என்பதால் வெளியே போவதற்குக் காரணமும் இல்லை.

இப்படி இருக்கையில் ஒருநாள் குளத்துத் தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரம் புகைந்து நின்றுவிட்டது. பழுது பார்க்கத் தண்ணீரை முழுக்க இறைத்து வெளியேற்றினார்கள். மல்லாக்கு அதற்கு முன்னால் அந்தக் குளத்தைக் காலியாகப் பார்த்ததில்லை. ஏணி வைத்து உள்ளே இறங்கி, ஓடுகளைத் தேய்க்கிற சாக்கில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்து பார்த்தாள். தன் வீட்டுக் கூடமே இதைவிடப் பெரிது என்று தோன்றியது. அவள் வழக்கமாக நிற்கிற இடத்தில் ஓடுகள் மட்டும் பளபளப்புக் குறைந்து, கால் தேய்த்த தடமாக இருந்தன. அதைப் பார்க்கப் பிடிக்காமல் வாளியை அதன்மேல் வைத்தாள்.

மேலே பூட்ஸ் சத்தம் கேட்டது. குளங்களுக்குக் குழாயும் இயந்திரமும் போட்டுக் கொடுக்கிற கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். எட்டிப் பார்த்த மல்லாக்குவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையில் மஞ்சள் தொப்பி, கையில் டார்ச்சு, குட்டை உருவம். குட்டிதான்.

மல்லாக்கு சட்டென்று குளத்துக்குள்ளேயே குனிந்து உட்கார்ந்துகொண்டாள். நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனுஷி தண்ணீரில்லாத குளத்தில் பதுங்கினால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும்? குட்டி விளிம்பில் வந்து நின்று டார்ச்சை நேராக அவள் உச்சந்தலையில் அடித்தாள்.

"என்னடி மல்லாக்கு, அங்க உக்காந்து என்ன பண்றே? மேல வரயா, நான் கீழ வரட்டுமா?"

குட்டியே ஏணியில் இறங்கி வந்து, பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவள் பக்கத்தில் ஓட்டில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் குசலம் விசாரித்தார்கள். குட்டி உள்ளூரிலேயே வேலை பார்த்துக்கொண்டு மாலைக் கல்லூரியில் படித்ததையும், முதல் வேலையில் சேர்ந்தபோது குழாய் மேஸ்திரிகள் அவளைச் சின்னப் பெண் என்று கலாய்த்ததையும், இப்போது அதே மேஸ்திரிகள் அவளைக் கண்டால் பீடியை மறைப்பதையும் சொன்னாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரு நாய் இருக்கிறது என்றாள். மல்லாக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, இத்தனை காலமாகத் தொண்டையில் கிடந்ததைக் கக்கிவிட்டாள். தன்னால்தான் உதவித்தொகை போய்விட்டது, தன்னால்தான் வெளிநாட்டுப் படிப்புப் போய்விட்டது, மன்னிப்புக் கேட்கக்கூட முகமில்லாமல் இருந்துவிட்டேன் என்று கண்ணீரும் கம்பலையுமாகச் சொன்னாள்.

குட்டி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அதையா இன்னும் வச்சுட்டிருக்கே? எனக்குப் போகவே இஷ்டமில்லடி. எங்கப்பாதான் துடிச்சாரு. கிடைக்கலைன்னதும் ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன்."

மல்லாக்கு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"இன்னொண்ணு சொல்லவா? நான் சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கறேன், கோச்சு கடிகாரத்தப் பாக்கறாரு, பட்டு பலகையப் பாக்கறா, தவளை அவ அம்மாவைத் தேடறா. என்னைப் பாத்தவ நீ ஒருத்திதான். பாத்ததோட நிக்காம குதிச்சே வந்துட்டே. அதுக்கப்புறம் எனக்காக எவளும் அப்படிக் குதிச்சதில்ல."

இதைக் கேட்டால் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியிருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். மல்லாக்குவுக்கு வந்தது கோபம். இதை ஏன் இத்தனை நாளாக வந்து சொல்லவில்லை என்று குட்டியைத் திட்டினாள். நீ ஏன் வந்து கேட்கவில்லை என்று குட்டி திருப்பித் திட்டினாள். இரண்டுமே நியாயம்தான். பிறகு மல்லாக்கு, டாக்டர் அந்தக் கதையை இன்னமும் ஒவ்வொரு நோயாளியிடமும் சொல்வதைச் சொன்னாள். குட்டி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். குட்டி சிரிக்கவில்லை. பட்டுவுக்கு வேறு கதை தெரியாதா என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வி மல்லாக்குவின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குட்டிக்கு அது ஒரு குறையே இல்லை, தவளை கேக் படம் அனுப்புகிறாள், நடுவர் உயிரோடு இருக்கிறாரோ என்னவோ. அன்றைக்குக் குதித்ததைக் குற்றமாக வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் வேண்டாத ஒரு குற்றத்துக்கு அவள் இத்தனை காலம் தண்டனை அனுபவித்திருக்கிறாள்.

இயந்திரத்தைச் சரிசெய்து முடிக்கிற அன்றைக்குக் குட்டி ஒரு செய்தியோடு வந்தாள். ஊருக்குப் பொது நீச்சல்குளம் ஒன்று கட்டி முடிகிற நிலையில் இருந்தது. குழாய் வேலை எல்லாம் குட்டியின் கம்பெனிதான். குளத்தை நடத்தவும், நீச்சல் தெரியாத பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் பொறுப்பான ஒரு பெண்ணைத் தேடுகிறார்கள். உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூடச் சாதனைப் பலகையில் உன் பெயர் இருப்பதையும் சொல்லியிருக்கிறேன், வா, முதலில் குளத்தைப் பார் என்று இழுத்துக்கொண்டு போனாள்.

கூரையில்லாத குளம். கசிவு இருக்கிறதா என்று பார்க்க விளிம்பு வரை நிரப்பி வைத்திருந்தார்கள். தண்ணீர் குளிர்ந்து, வெயிலில் நீலமாகக் கிடந்தது. மல்லாக்கு கடனாக வாங்கிய நீச்சல் உடையில், தன் தொடையைத் துண்டால் மறைத்துக்கொண்டு வந்தாள். தண்ணீரில் இறங்கி, ஓரத்துக் கம்பியைப் பிடித்து, சுவரில் கால் வைத்து, முதுகை வளைத்துப் பின்னால் பாய்ந்தாள். பாய்ச்சல் மறக்கவில்லை. கை தானாகச் சுழன்றது, காதுக்குள் பழைய இரைச்சல் கேட்டது. மேலே குழாய்கள் இல்லை, மேகம் இருந்தது. அப்படியே பாதி தூரம் வந்தாள். மூச்சு வாங்கியது. அப்போது, எந்த நீச்சல்காரியும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். நின்று இளைப்பாறலாம் என்று காலைக் கீழே ஊன்றினாள்.

அங்கே மூன்று ஆள் ஆழம்.

காலுக்கு ஒன்றும் தட்டவில்லை. தலை உள்ளே போயிற்று, மூக்கில் தண்ணீர் ஏறியது, கையைக் கண்டபடி அடித்துக்கொண்டு மேலே வந்தாள். குட்டி நீளக் கழியை நீட்டி அவளை ஓரத்துக்கு இழுத்தாள். இருமி முடித்ததும், கீழே என்னடி தேடினாய் என்று கேட்டாள். தரையைத் தேடினேன் என்றாள் மல்லாக்கு. இருவரும் சிரித்தார்கள், ஆனால் மல்லாக்குவுக்கு உள்ளுக்குள் கிலி பிடித்துவிட்டது. அந்தத் தொட்டி அவள் காலுக்கு நிற்கக் கற்றுக்கொடுத்திருந்தது. இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே இருந்தால் உடம்பு நீச்சலையே மறந்துவிடும், பிறகு தன்னிடம் தன்னுடையது என்று எதுவும் மிச்சமிருக்காது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மறுபடி ஆரம்பத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்தாள். இந்தத் தடவை நிதானமாக, அந்தச் சுவரைத் தொடும் வரைக்கும் நீந்தினாள். தொட்டதும் குழந்தை மாதிரி அழுதாள். சந்தோஷம்தான். குட்டி வேறு பக்கம் திரும்பிக் குழாயைத் திருகுகிற மாதிரி பாவனை செய்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது புருஷன் கேன்டீன் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனிதர் நல்லவர், பயந்தவர். பொது நீச்சல்குளத்துச் சம்பளம் நல்ல சம்பளம்தான், ஆனால் ஆஸ்பத்திரியை விட்டுப் போனால் இந்த வீட்டை விட வேண்டியிருக்கும், கேன்டீனையும் டாக்டர் வேறு யாருக்காவது கொடுத்தால் கேட்க முடியாது, மகள் அங்கேதான் பயிற்சிக்குச் சேர இருக்கிறாள் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். மல்லாக்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எனக்கு அங்கே மூச்சு முட்டுகிறது என்று முதல் தடவையாகச் சொன்னாள். அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"நீ குதிச்சா நீந்திக்குவே," என்றார். "நான் குதிச்சா?"

அவள் துணியை வாங்கி மீதிப் பாத்திரங்களைத் துடைத்தாள். அவர் எல்லாவற்றையும் அடுக்கி முடித்து, சரி, டாக்டரிடம் நேராகப் பேசு, முகத்தை முறித்துக்கொள்ளாமல் பேசு, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், பழையபடி எங்கேயாவது டீ போட்டால் போகிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை. சொன்னதே பெரிய காரியம் என்று நினைத்து அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டருக்கும் ஒரு வியாதி இருந்தது, அது ஆஸ்பத்திரியில் பலருக்குத் தெரியாது. காலமெல்லாம் நின்று நின்று அறுவை செய்து முதுகு போய்விட்டது. நோயாளிகள் எல்லோரும் போன பிறகு, சாயங்காலங்களில் நிலவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மல்லாக்குவின் கையில் மிதப்பாள். வேறு யாரையும் தொடவிட மாட்டாள். இரண்டு பேரும் அப்போது அதிகம் பேசுவதில்லை. பட்டம் பதவி எல்லாவற்றையும் படிக்கட்டில் கழற்றி வைத்துவிட்டு வருகிற அந்த நேரத்தில் மட்டும், பழைய பட்டுவின் முகம் கொஞ்சம் தெரியும்.

அன்றைக்கு டாக்டர் படியில் கால் வைக்கும் முன்பே மல்லாக்கு சொல்லிவிட்டாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எல்லாம் காற்றில் போய், வாயில் வந்தது ஒரே வரி.

"டாக்டர், நான் இங்கேருந்து போகலாம்னு இருக்கேன்."

டாக்டரின் முகம் வாடும் என்று அவள் பயந்திருந்தாள். கோபத்துக்கும் தயாராக வந்திருந்தாள். ஆனால் டாக்டரின் முகம் மலர்ந்தது. கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கி வந்து, ஈரக் கையால் அவள் கன்னத்தைத் தட்டினாள்.

"நீயா வந்து சொல்றியான்னு பாக்கத்தான் பேசாம இருந்தேன், கள்ளி. அந்த நீச்சல்குளக் கமிட்டிக்கு யாரு தலைவர்? நான்தானே. குட்டி உன் பேரைக் கொடுத்ததும் முதல்ல கை தூக்கினது நான்."

டாக்டர் முதுகைக் காட்டித் திரும்பினாள். பழக்கம், மல்லாக்குவின் ஒரு கை பிடரிக்கும் ஒரு கை இடுப்புக்கும் போயிற்று. டாக்டர் அப்படியே சாய்ந்து படுத்தாள். காது இரண்டும் தண்ணீருக்குள் போயின, முகம் மட்டும் மேலே மிதந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மேலே இருக்கிற குழாய்களிடம் சொல்வதைப் போல டாக்டர் சொல்லிக்கொண்டே போனாள்.

"எல்லாம் பேசி முடிச்சாச்சு. காலைல அங்க, மத்தியானத்துக்கு மேல இங்க. ஆஸ்பத்திரிதான் உன்னை அங்க அனுப்புது, சம்பளம் இங்கேருந்தே வரும். வீடும் உன்னோடதுதான், கேன்டீனும் அவரோடதுதான். அதையெல்லாம் நெனச்சு எத்தனை நாள் தூங்காம கெடந்தியோ. நான் விட்டுடுவேனா உன்னை?"

மல்லாக்கு குனிந்து பார்த்தாள். தன் உள்ளங்கையில் கிடக்கிற அந்த முகத்தில் கபடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றுமில்லை. அன்பு மட்டும்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வெளியே போக இருந்த ஒரே கதவையும் டாக்டர் ஆசையோடு தன் சாவிக்கொத்தில் கோத்துவிட்டாள். பொது நீச்சல்குளத்து விளிம்பிலும் இனி நோயாளிகளைப் போல ஜனங்கள் நின்று அந்தக் கதையைக் கேட்பார்கள், அங்கேயும் இவள் டாக்டர் அனுப்பிய ஆள்.

அவளுக்குள் ஏதோ ஒன்று அடியிலிருந்து கிளம்பி வந்தது. அத்தனை வருஷத்தில் அந்த நிலவறையில் அவள் பேசாத குரலில், தெளிவாக, நிறுத்திச் சொன்னாள்.

"எனக்கு இங்க வேண்டாம், பட்டு. அங்க மட்டும் போதும். என்னை விட்டுடு."

சொல்லி முடித்தபோது பிடரியிலிருந்த கை இறுகியிருந்தது. டாக்டரின் முகம் அப்படியே அமைதியாக மிதந்தது. பிடி இறுகியதாலோ, மேலே அசைந்த உதட்டை அரைக்கண்ணால் பார்த்ததாலோ, கொஞ்சம் கழித்து டாக்டர் தலையைத் தூக்கினாள். காதிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"ஏதோ சொன்னியா? காதெல்லாம் தண்ணி."

மல்லாக்கு அந்த முகத்தையே பார்த்தாள். சலவைக் கட்டடத்துக்குப் பின்னால் புருஷன் இந்நேரம் வாசலில் வந்து நின்றிருப்பார். மகள் வந்திருப்பாள்.

"தேங்க்ஸ்னு சொன்னேன், டாக்டர்," என்றாள்.

"போடி, நமக்குள்ள என்ன," என்று டாக்டர் மறுபடி சாய்ந்தாள். மல்லாக்கு பிடரிக்குக் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.